பதிப்பு எண் மாறியது சரி, மழைக் கணக்கு ஏன் மாறியது?

2025 பெப்ரவரி 3 – கினிகத்தேனைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டது

அண்ணா, மழைமானித் தரவைக் கணக்கிடும் உங்கள் மென்பொருள் பொதியை 0.8.2இல் இருந்து 0.8.3க்கு மாற்றினேன். கடைசி இலக்கம் மட்டும் கூடினால் அது பிழைத்திருத்தம், பயமில்லாமல் ஏற்றலாம் என்று உங்கள் ஆவணமே சொல்கிறது. ஏற்றிப் பார்த்தால் போன வருட ஜூன் மாதத்தில் மண்சரிவு எச்சரிக்கை மட்டத்தைத் தாண்டிய நாட்கள் கூடி நிற்கின்றன. தரவு அதே பைல், ஒரு எழுத்து மாறவில்லை. பழைய எண்களை வைத்து எழுதிய அறிக்கையையும் கொடுத்துவிட்டேன். இப்போது எதை நம்புவது? அறிவியல் மென்பொருளுக்கு இந்த மூன்று இலக்க முறை சும்மா அலங்காரம்தான் என்பது என் கருத்து.

2025 பெப்ரவரி 4

தம்பி, என்ன மாறியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டையை அப்புறம் போடலாம்.

0.8.2 வரை "24 மணி நேர மழை" என்றால் காலை 8.30இல் இருந்து மறுநாள் காலை 8.30 வரை. நம் நாட்டில் மழை நாள் கணக்கு அப்படித்தான். தோட்டத்து மழைப் புத்தகங்களிலும் காலை வாசிப்புத்தான் ஏறுகிறது. 0.8.3 அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு வாசிப்பில் இருந்தும் பின்னோக்கி 24 மணி நேரத்தைக் கூட்டுகிறது.

ஒரு நாள் விடியற்காலை நான்கு மணியில் இருந்து 8.30க்குள் 60 மி.மீ. பெய்கிறது. 8.30க்குப் பிறகு மதியத்துக்குள் இன்னொரு 60. பழைய முறையில் இரண்டு மழை நாட்களுக்கும் தலைக்கு 60. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் மட்டமான 75 மி.மீ.ஐக்கூட எட்டாது. புதிய முறையில் 120. இரண்டாம் மட்டமான 100ஐயும் தாண்டிவிட்டது. மண்ணுக்கு 8.30 மணி தெரியாது.

உங்கள் ஜூனில் நாட்கள் கூடியது அதனால்தான். மண்சரிவு மட்டங்களைப் பார்க்கவேண்டும் என்றால் புதியது. மாதாந்த மழையை வளிமண்டலவியல் திணைக்களத்தின் எண்களோடு ஒப்பிடவேண்டும் என்றால் பழையது. எச்சரிக்கை விடுவது அந்த நிறுவனத்தின் வேலை, நம் பொதி பழைய தரவைப் படிக்கத்தான் என்பதையும் ஒருமுறை சொல்லி வைக்கிறேன்.

கடைசி இலக்கம் மட்டும் ஏன் கூடியது? நம் ஆவணம் ஆரம்பத்தில் இருந்தே "கடந்த 24 மணி நேரம்" என்றுதான் எழுதியிருந்தது. நிரல் வேறு எதையோ செய்துகொண்டிருந்தது. நிரலை ஆவணத்துக்கு இணங்கத் திருத்தினால் அது பிழைத்திருத்தம். விதிப்படி சரி.

2025 பெப்ரவரி 4, இரவு

அறிக்கையில் "0.8.2 கொண்டு கணக்கிட்டது" என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் கவலை இல்லை. எவரும் அதே பதிப்பை ஏற்றி அதே எண்ணைப் பெறலாம். இல்லையென்றால் ஒரு பின்னிணைப்பு அனுப்பிவிடுங்கள்.

2025 பெப்ரவரி 9

"விதிப்படி சரி" என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு பேராதனையில் படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: எந்த விதி, யாருடைய விதி?

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டொம் பிரெஸ்டன் வெர்னர் எழுதிய முறை. முதல் இலக்கம், பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம். நடு இலக்கம், ஒத்துப்போகும் புது வசதி. கடைசி இலக்கம், ஒத்துப்போகும் பிழைத்திருத்தம். ஒத்துப்போவது என்று அது சொல்வது ஏபிஐயைப் பற்றி, அதாவது மற்ற நிரல்கள் நம் பொதியை அழைக்கும் முறையைப் பற்றி. ஃபங்ஷனின் பெயர், அதற்குக் கொடுக்கவேண்டியவை, திரும்பி வரும் வகை. 0.8.3 அந்தக் கண்ணால் பார்த்தால் சுத்தம். பழைய நிரல் எதுவும் உடையவில்லை. சத்தமே இல்லாமல் ஓடி, வேறு விடையைத் தந்தது.

கடையில் பில் போடும் மென்பொருள் உடைந்தால் உடனே தெரியும், வரிசையில் நிற்பவர் கத்துவார். நம்முடையது உடைந்தால் திரையில் ஒரு தசம எண் வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆகவே தம்பி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மூன்று இலக்கமும் "நிரல் உடையுமா" என்ற கேள்விக்குப் பதில் சொல்கின்றன. மழைக் கணக்குப் பார்ப்பவர் கேட்பது "என் விடை மாறுமா".

பூச்சியத்தில் தொடங்கும் பதிப்பில் எதுவும் எப்போதும் மாறலாம் என்றும் அதே விதியில் ஒரு வரி உண்டு. அதைத் தூக்கிக் காட்டித் தப்பிக்கலாம். அறிவியல் கணக்குகளுக்கான சைபை என்ற பைத்தன் பொதி 2001இல் தொடங்கி 2017இல்தான் 1.0 ஆனது, அதுவரை உலகமே அதை நம்பித்தான் வேலை செய்தது. யாரும் பயன்படுத்தாத காலத்துக்கு அந்த வரி பொருந்தும். கினிகத்தேனையில் ஒருவர் அறிக்கை எழுதிய பிறகு பொருந்தாது.

2025 பெப்ரவரி 16

நாம் ஏதோ சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறோம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டு சம்பவங்கள்.

மூளை ஸ்கேன் படங்களை அளக்க ஃப்ரீசேர்ஃபர் என்று ஒரு மென்பொருள் உண்டு. 2012இல் ஒரு ஆய்வுக் குழு ஒரே படங்களை அதன் மூன்று பதிப்புகளில் ஓட்டிப் பார்த்தது. மூளைப் பகுதிகளின் கன அளவு பதிப்புக்குப் பதிப்பு சராசரியாக 8.8 சதவீதம் வேறுபட்டது. மெக் கணினியின் இயங்குதளப் பதிப்பை மாற்றினாலும் வித்தியாசம் வந்தது. நோயாளி அதே ஆள், படம் அதே படம்.

மற்றது 2019. வேதியியலில் பலர் பயன்படுத்திய ஒரு பைத்தன் நிரல், ஒரு கோப்புறையில் உள்ள பைல்களை வரிசையாக வாசிக்கும். எந்த வரிசையில் என்று நிரலில் எழுதவில்லை. விண்டோஸில் ஒரு வரிசை, லினக்ஸில் ஒரு வரிசை, விடையும் வேறு. ஹவாய் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். 150க்கு மேற்பட்ட கட்டுரைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். பைல்களைப் பெயர் வரிசைப்படி அடுக்கு என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும்.

இந்த இரண்டாவதைப் படித்த இரவே நம் பொதியிலும் தேடினேன். இரண்டு இடங்களில் பைல் பட்டியல் எடுக்கிறோம், இரண்டிலும் அடுக்கித்தான் வாசிக்கிறோம். சேர்த்தவர் யார் என்று, நிரலின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் பார்த்தால், நம்மோடு நிரல் எழுதும் ஹட்டன் தம்பி. காரணம் எதுவும் எழுதவில்லை, "அழகுக்காக" என்று கொமிட் குறிப்பு, அதாவது மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பு.

2025 மார்ச் 2

ஒரு யோசனை வைக்கிறேன், கிழித்துப் போடலாம்.

பொதியோடு ஒரு மாதிரித் தரவை வைப்போம். மேற்குச் சரிவில் ஒரு மழைமானி, ஊவாப் பக்கம் ஒன்று. இரண்டும் வேண்டும், ஏனென்றால் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் நனைகிறது, பதுளைப் பக்கம் ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை. பாதி நாட்டு மழையை மட்டும் வைத்துச் சோதித்தால் பாதிப் பிழைதான் தெரியும். ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னும் இந்தத் தரவை ஓட்டுவோம். ஒரு எண் மாறினாலும் கடைசி இலக்கத்தைத் தொடக்கூடாது, குறைந்தது நடு இலக்கம் கூடவேண்டும். பழைய முறையே கிடைக்காமல் போனால் முதல் இலக்கம்.

2025 மார்ச் 3

எதிர்பார்த்தபடியே கேள்வி: பத்தாவது தசம இடத்தில் மாறினாலுமா?

இல்லை. கவிழும் வாளி வகை மழைமானி ஒரு தடவை கவிழ்ந்தால் 0.2 மி.மீ., சில மானிகளில் 0.254, அதாவது அங்குலத்தில் நூறில் ஒன்று. கருவியே அதற்குக் கீழே பேசாது. ஆகவே 0.1க்குள் நடப்பது நமக்கு அர்த்தமில்லாத சிறு ஆட்டம் மட்டும். ஆனால் மட்டத்தைத் தாண்டியதா இல்லையா என்ற விடை மாறினால், அது 74.96இல் இருந்து 75.01க்குப் போனதாக இருந்தாலும், மாற்றம் மாற்றம்தான்.

அப்படிப் பார்த்தால் முதல் இலக்கம் மாதாமாதம் கூடும் என்றும் ஒருவர். கூடட்டுமே, எண்ணுக்குப் பஞ்சமா? எண்களைக் கையாளும் நம்பை (NumPy) என்ற பைத்தன் பொதியின் 1.0 வந்தது 2006இல், 2.0 வந்தது 2024 ஜூனில். அவர்களை நம்பி எத்தனையோ பொதிகள் நிற்கின்றன, அத்தனை தயக்கம் நியாயம். நம்மை நம்பி நிற்பவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம்.

கணினி அறிஞர் டொனல்ட் கனுத், அச்சுக்கோக்கும் தன் டெக் (TeX) மென்பொருளுக்குப் பை என்ற எண்ணையே பதிப்பு எண்ணாக வைத்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு தசம இடம் கூடும், 2021இல் 3.141592653. தான் இறந்த பிறகு சரியாகப் பை என்று வைத்து உறைய விடவேண்டுமாம், அதன் பிறகு மிஞ்சும் பிழைகள் எல்லாம் வசதிகள் ஆகிவிடும். நாமும் அப்படி வைப்போம் என்று ஹட்டன் தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, முதலில் அந்த மாதிரிப் பிழையில்லாத நிரலை எழுதுங்கள்.

2025 மார்ச் 20

நாம் ஒழுங்காக இருந்தாலும், நம் பொதி நம்பி நிற்கும் மற்றப் பொதிகளைச் செய்பவர்கள் நகர்கிறார்கள். 8.30 மழை நாளைக் கணக்கிட, அட்டவணைத் தரவைக் கையாளும் பேண்டாஸ் பொதியில் பேஸ் (base) என்று ஒரு அமைப்பைக் கொடுப்போம். 1.1இல் அதைக் கைவிடப்போகிறோம் என்று சொன்னார்கள், 2.0இல், 2023 ஏப்ரலில், எடுத்தேவிட்டார்கள். பதிலுக்கு ஒஃப்செட். பிறகு 2.2இல் மணியைக் குறிக்கும் பெரிய எச் (H) போய்ச் சின்ன எச் (h) வந்தது. நம் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் "24" போட்டுப் பக்கத்தில் பெரிய எச்.

இதில் ஒரு நன்மை தெரிந்தது. நிரலை முன்னாலேயே திருத்தியிருந்தோம், சோதனைகள் பச்சை. ஆவணத்தில் இருந்த உதாரணங்கள் மட்டும் எச்சரிக்கையைக் கக்கின. புதிதாக வருபவர் முதலில் தொடுவது உதாரணத்தைத்தான், நம் சோதனையை எவரும் படிப்பதில்லை. ஆகவே கையேட்டில் உள்ள ஒவ்வொரு உதாரணத்தையும் ஒவ்வொரு கொமிட்டிலும் ஓட்டிப் பார்க்கும்படி செய்துவிட்டோம். ஓடாத உதாரணம் இருந்தால் ரிலீஸ் இல்லை.

2025 ஏப்ரல் 15

இன்றைய தேதிக்கு ஏற்ற ஒன்று. 2006 ஏப்ரல் 15இல்தான் நம் கடிகாரங்கள் மீண்டும் உலகப் பொது நேரமான யுடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னுக்கு வந்தன. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று ஆறரை ஆக்கினார்கள், அதே ஒக்டோபரில் ஆறு ஆக்கினார்கள், ஏறக்குறையப் பத்து வருடம் அப்படியே இருந்தது. அப்போது பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பழைய நேரம், புது நேரம் என்று வீட்டில் நடந்த பேச்சு நினைவிருக்கும்.

அந்தக் காலத்து மணித்தியாலத் தரவு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. யுடிசிக்கு மாற்றியவர் முழுவதற்கும் ஐந்தரையைக் கழித்திருக்கிறார். விளைவு, பத்து வருட மழை சரியாக அரை மணி நேரம் பிந்திப் பெய்கிறது. என்ன பெரிய வித்தியாசம் என்றால், ஐமேர்க் செய்மதி மழைத் தரவு அரை மணிக்கு ஒன்றாக வருகிறது. ஒப்பிடும்போது ஒவ்வொரு வரியும் பக்கத்து வரியோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

நேர வலயப் பட்டியலில் "ஆசியா/கொழும்பு" என்று கொடுத்தால் இந்த மாற்றமெல்லாம் தானாகவே வரும். ஆனால் அந்தப் பட்டியலுக்கும் பதிப்பு உண்டு, வருடமும் ஒரு எழுத்தும். ஐமேர்க் தரவுக்கும் பதிப்பு உண்டு, இப்போது 07. ஒரு விடைக்குப் பின்னால் இத்தனை பதிப்பு எண்கள் நிற்கின்றன. இனிப் பொதி எழுதும் ஒவ்வொரு வெளியீட்டுப் பைலின் தலையிலும் நம் பதிப்பு, பேண்டாஸ் பதிப்பு, நேர வலயப் பதிப்பு மூன்றும் தானாக எழுதப்படும். பெப்ரவரியில் "0.8.2 என்று ஒரு வரி போதும்" என்றேன். போதாது.

2025 ஜூன் 8

பதுளையில் இருந்து ஒரு டீச்சர் எழுதினார்: கையேட்டில் உள்ள ஃபங்ஷன் தன் கணினியில் இல்லையாம். அவர் படித்தது இன்னும் வெளிவராத பதிப்பின் கையேடு. கையேடுகளை வைக்கும் ரீட் த டொக்ஸ் தளத்தில் இரண்டு முகவரி இருக்கும். ஒன்று கடைசியாக வெளியான பதிப்புக்கு, மற்றது நாங்கள் நேற்று இரவு கிறுக்கியதற்கு. தேடினால் முதலில் வருவது எங்கள் கிறுக்கல். வெளிவந்த பதிப்புத்தான் இனி முதலில் திறக்கும், மற்றதன் தலையில் பட்டை போட்டாயிற்று. டீச்சருக்கு நன்றி. மாணவர்களை வைத்துப் பள்ளிக்கூடக் கூரையில் மழைமானி வைத்திருக்கிறார், அந்தக் கதையைத் தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

2025 ஜூன் 22

மூன்று மொழி விஷயம். கையேட்டின் மூலம் ஆங்கிலம். தமிழ், சிங்கள வரிகள் தனிப் பைல்களில் இருக்கின்றன. மூல வரி மாறினால் அதற்குரிய மொழிபெயர்ப்புச் சந்தேகத்துக்குரியது என்று குறிக்கப்படும். குறிக்கப்பட்ட வரி பக்கத்தில் வராது, அந்த இடத்தில் ஆங்கிலம் நிற்கும்.

மொழிபெயர்ப்பு முடியும் வரை ரிலீஸை நிறுத்துவதா? சிங்களப் பக்கத்தைப் பார்க்கும் நண்பர் நிறுத்தவேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். பார்ப்பவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய் வந்து இரவில் உட்காருகிறவர்கள், ஒருவருக்காக இன்னொருவர் காத்திருந்தால் வருடத்துக்கு ஒரு ரிலீஸ்கூட வராது.

2025 ஜூன் 29

ஒரு வாரம் யோசித்தேன். நண்பர் சொன்னதில் ஒரு பகுதி எனக்கு விளங்கியது. 24 மணி நேர மழை எப்படிக் கணக்கிடப்படுகிறது, 75, 100, 150 என்ற மட்டங்கள் எதோடு ஒப்பிடப்படுகின்றன என்று சொல்லும் பக்கம் ஒன்றுதான். அந்தப் பக்கம் தமிழில் பழைய முறையையும் ஆங்கிலத்தில் புதிய முறையையும் சொன்னால், அதைவிட மூன்று மொழியிலும் இல்லாமலிருப்பது மேல்.

பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி மலை சரிந்து இறங்கியது காலை ஏழரை மணியளவில். அன்றைய மழை நாள் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இந்தப் பக்கத்தை எழுதும்போது எனக்கு அதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

ஆகவே அந்த ஒரு பக்கம் மூன்று மொழியிலும் ஒத்து வராமல் ரிலீஸ் போகாது. மற்றப் பக்கங்கள் பிந்தி வரலாம்.

2025 ஜூலை 13

சிக்னல் இல்லாத தோட்டத்தில் இருந்துகொண்டு எப்படிப் பங்களிப்பது என்று நோர்வூட் பக்கத்து இளைஞர் கேட்டிருக்கிறார். கிட் அதற்குத்தான் நல்லது. முழு வரலாறும் உங்கள் மடிக்கணினியிலேயே இருக்கும், கொமிட் செய்ய இணையம் வேண்டாம், டவுனுக்கு வரும்போது இணையத்துக்குத் தள்ளிவிடலாம். 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோதும் இப்படித்தான் ஓட்டினோம். ஒரே நிபந்தனை: நிரலைத் தொட்டால் அதே கொமிட்டில் ஆவணத்தையும் மாற்றக் குறிப்பையும் தொடுங்கள். "ஆவணம் பிறகு" என்று வந்த எதுவும் பிறகு வந்ததில்லை.

2025 ஜூலை 27

பேராதனைத் தங்கை மறுபடி. ஆய்வேட்டில் பொதியை மேற்கோள் காட்ட எந்த முகவரி? ஆய்வுக் கோப்புகளைச் சேமிக்கும் செனோடோ தளத்தில் ஒவ்வொரு ரிலீஸுக்கும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள முகவரி ஒன்று உண்டு, எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஒன்றும் உண்டு. பொதுவானது எப்போதும் கடைசிப் பதிப்புக்கே கூட்டிப்போகும். கணக்குச் செய்தது எந்தப் பதிப்போ அதன் டிஓஐயைக் கொடு. பொதுவானதைக் கொடுத்தால் நாளைக்கு உன் பரீட்சகர் வேறு பதிப்பை ஏற்றி, வேறு எண்ணைப் பார்த்து, வாய்மொழித் தேர்வில் கேட்பார்.

2025 ஓகஸ்ட் 10

பேசி முடிவானது. 0.8.3இல் இருந்த அதே மாற்றம் 0.9.0 ஆக வெளிவருகிறது. பழைய 8.30 முறையும் கிடைக்கும், ஆனால் எது வேண்டும் என்று பயனரே எழுதவேண்டும். எழுதாவிட்டால் பொதி ஓடாது. பிடிவாதமாகத் தோன்றலாம், நான்தான் கேட்டு வாங்கினேன். சும்மா ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஓடியதால்தான் இந்தப் பேச்சே வந்தது.

0.8.3ஐ அழித்துவிடக்கூடாதா என்று கேட்கிறார்கள். பைத்தன் பொதிகளை வெளியிடும் பைபிஐ தளத்தில் ஏற்றிய பைலை அதே பெயரில் மாற்றி ஏற்ற முடியாது, அது நல்லதற்கே. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் தப்பாக விழுந்த பேரைச் சுரண்டாமல், கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைப்பது போல, பதிப்பை விலக்கி வைக்க மட்டும் வழி உண்டு. அப்படி விலக்கினால் புதிதாக ஏற்றுபவருக்கு அது வராது. "0.8.3தான் வேண்டும்" என்று துல்லியமாகக் கேட்பவருக்கு இன்னும் கிடைக்கும். அதை வைத்து எவராவது எதையாவது கணக்கிட்டிருப்பார்.

மாற்றக் குறிப்பின் வடிவமும் மாறுகிறது. இனி முதல் பத்தி "எந்த எண்கள் மாறும், எவ்வளவு, யாருக்கு" என்று மட்டும் சொல்லும். மாதிரித் தரவின் பழைய விடையும் புதிய விடையும் பக்கத்தில் பக்கத்தில். புது வசதி, நன்றி, எல்லாம் அதற்குக் கீழே.

2025 ஓகஸ்ட் 11

கினிகத்தேனைத் தம்பி எழுதியிருக்கிறார்: "அலங்காரம் என்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் 0.9.0 ஏற்றிவிட்டேன்." பின்னிணைப்பையும் அனுப்பிவிட்டாராம். அதைப் பெற்ற அலுவலகத்தில் இருந்து வந்த பதில், இரண்டு அறிக்கையில் எதைக் கோவையில் போடுவது என்று. தம்பி, பதிப்பு எண் போட்டு இரண்டையும் கோவையில் போடச் சொல்லுங்கள்.

2025 செப்டெம்பர் 7

1.0 எப்போது என்று கேட்காதவர் இல்லை. ஒரு விஷயம் பாக்கி. பழைய தோட்டத்து மழைப் புத்தகங்கள் அங்குலத்தில். நம் பொதி பைலின் தலைப்பைப் பார்த்து ஊகித்து 25.4ஆல் பெருக்குகிறது. தலைப்பு இல்லாத பைலில் 3.2 என்று இருந்தால் அது தூறலா, 81 மி.மீ. பெருமழையா? ஊகத்தை எடுத்துவிட்டு, அலகை எழுதாத பைலை வாங்கமாட்டேன் என்று சொல்லவேண்டும் என்பது என் கட்சி. எதிர்க் கட்சியில் மூன்று பேர். அவர்களிடம் பழைய பைல்கள் நிறைய. எடுத்தால் முதல் இலக்கம் கூடும், அதையே 1.0 ஆக்கலாம்.

அதுவரை 0.9.1. சிங்களத்தில் மட்டங்கள் பக்கத்தில் இரண்டு பத்தி மிச்சம், அது முடிந்தால் சனிக்கிழமை பதிப்பு எண் போட்டு வெளியிடுகிறேன்.